மலை ராஜாவும் நாற்பது சாக்கு எருவும்

எங்கள் பள்ளத்தாக்குக்கு நான் பதினோரு வருடம் ராஜாவாக இருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். ஐஸ்லாந்தில் ஆடு வளர்க்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை ராஜா உண்டு. கோடையில் ஆடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டி விட்டுவிடுவோம். இரண்டு மாதம் அவை தம் இஷ்டத்துக்கு மேய்ந்து திரியும். செப்டம்பரில் ஊரே குதிரை ஏறிப் போய் அவற்றைத் திரட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஆறு நாள் வேலை. யார் எந்தப் பக்கம் போவது, எங்கே கூடாரம் அடிப்பது, மூடுபனி இறங்கினால் நிற்பதா நடப்பதா, எல்லாம் ராஜா சொல்கிறபடி. மறுபேச்சு கிடையாது.

வருடத்தின் மற்ற நாட்களில் என் மனைவி ஹல்பேரா சொல்கிறபடி. அதனால் அந்த ஆறு நாள் எனக்கு என்ன என்பதைக் கல்யாணமான ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த என் ஆட்சியில், ஆடு திரட்டி முடித்த ஒரு செப்டம்பர் கடைசியில், ஒரு கடிதம் வந்து விழுந்தது. ரெய்க்யாவிக்கிலிருந்து, ஏதோ ஓர் அலுவலகம். அடுத்த ஜூலையில் சுன்னேவா என்ற செடி ஆராய்ச்சிக்காரப் பெண் வருவாள், எங்கள் மேட்டுநிலத்தில் எங்கே என்ன செடிக்கூட்டம் இருக்கிறது என்று வரைபடம் போடுவாள், அதை வைத்து இனிமேல் அங்கே ஆடு மேயலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள் என்று எழுதியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஏரிக்குப் பக்கத்தில் அடித்து வைத்த சதுர வேலியையும் அவள் பார்ப்பாளாம். வேலிக்கு உள்ளே ஆடு போக முடியாது. உள்ளே பச்சையாகவும் வெளியே மொட்டையாகவும் இருந்தால் குற்றம் ஆட்டின் மேல். அப்படியானால் மேட்டுநிலத்தை மூடிவிடுவார்கள்.

மேட்டுநிலத்தை மூடினால் ஆடு மேலே போகாது. ஆடு மேலே போகாவிட்டால் திரட்டுவதற்கு ஒன்றுமில்லை. திரட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஊருக்கு ராஜா எதற்கு? கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அதில் என் பெயர் எழுதியிருப்பது போலவே இருந்தது.

ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டோம். பதினோரு பண்ணைக்காரர்களும் வந்தார்கள். நான் எழுந்து நின்று, வரட்டும், பார்க்கட்டும், நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கம்பீரமாகப் பேசினேன். கை தட்டினார்கள். மறுநாள் காலையில், வழிதவறி நின்றுவிட்ட ஆடு ஏதாவது இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஹல்பேராவிடம் சொல்லிவிட்டு நேரே வேலிக்குப் போனேன்.

உள்ளே குட்டை வில்லோச் செடி முழங்கால் உயரம். குட்டை பிர்ச் செடி இலை சிவந்து தளதளவென்று நிற்கிறது. தரை தெரியாமல் கரும்பழச் செடி படர்ந்து கிடக்கிறது. வெளியே கம்பளிப் பாசி கொஞ்சம், அதற்கு நடுவே சரளை, சரளைக்கு நடுவே ஆட்டுப் புழுக்கை. கல்யாணத்துக்கு முதல் நாள் சவரம் செய்த முகவாய் போல இருந்தது.

என்ன செய்வேன்? என் ஆட்டுக் கொட்டிலில் குளிர்காலத்து எரு மலை மாதிரி குவிந்து கிடந்தது. அந்த அக்டோபரில் இரண்டு குதிரைகளில் ஏற்றி இருபது சாக்கு கொண்டு போய் வேலிக்கு வெளியே சுற்றிலும் கொட்டிப் பரப்பினேன். அடுத்த ஜூனில் பனி உருகியதும் இன்னும் இருபது. வைக்கோல் பரணில் தரையைக் கூட்டி வாரியதையும் சேர்த்துத் தூவினேன், அதில் புல் விதை நிறைய இருக்கும். வீட்டில் கேட்டால் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அந்த ஜூனில் ஒரு நாள் மேலே ஏறும் வழியில் கிஸ்ஸுர் எதிரே வந்தான். பக்கத்துப் பண்ணைக்காரன். பதினோரு வருடமாக என் பதவி மேல் கண் வைத்திருப்பவன். அவன் குதிரையின் இருபுறமும் காலிச் சாக்கு தொங்கியது. என் குதிரையில் நிறைந்த சாக்கு. இரண்டு பேரும் நின்று மூக்குப்பொடி மாற்றிக்கொண்டோம்.

"மீனுக்கா?" என்றான்.

"மீனுக்குத்தான். நீ?"

"நானும்தான்."

"கெடச்சுதா?"

"எங்க. ஒண்ணும் கடிக்கல. சாக்கு காலியாத்தான் வருது, பாத்தியே."

என் சாக்கிலிருந்து வந்த வாடைக்கு அவன் மூக்குப்பொடி ஈடு கொடுக்கவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவனை நாகரிகமான மனுஷன் என்று நினைத்தேன். என் அறிவைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் ஆமுண்டி பாதிரியார்கூட மூன்று தடவை மீன் பிடிக்கப் போனார். தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத மனுஷர் அவர்.

ஹல்பேரா மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். மீன் எங்கே? அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்காமல் உலர்மீனையும் வெண்ணெயையும் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாறுகிற சாக்குகளை மறுநாள் ஓடையில் அலசிக் காயப்போடுவதும் அவள்தான்.

ஆடுகளை மேலே விட்டால் புதுப் பச்சையை ஒரே நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால், இந்த வருடம் புல் இன்னும் தயாராகவில்லை, ஜூலை முடியும்வரை பொறுங்கள் என்று ராஜா கட்டளை போட்டேன். வழக்கமாக எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடும் கிஸ்ஸுர், அருமையான யோசனை என்றான். ஊரே தலையாட்டியது. என் ஆட்சி உச்சத்தில் இருக்கிறது என்று பூரித்துப் போனேன்.

சுன்னேவா ஜூலை பத்தாம் தேதி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பெரிய ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பூதக்கண்ணாடி, பையில் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள், கையில் ஓர் இரும்பு வளையம். வழிகாட்டியாக நானே வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். என் திட்டம் சுலபமானது. நல்ல இடங்களாகப் பார்த்துச் சுற்றிக் காட்டி, மொட்டை இடங்களைக் கண்ணில் காட்டாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது.

இரண்டாம் நாளே அவள் புகைப்படத்தை விரித்து, கிழக்கே இந்த வெள்ளைத் திட்டு என்ன என்று கேட்டாள்.

"மேகம்," என்றேன்.

"மேகத்துக்கு நடுவுல ஆட்டுப் பாதை போகுதே?"

"அப்ப பனியா இருக்கும்."

"ஆகஸ்ட்ல எடுத்த படம் இது. வாங்க, போய்ப் பாத்துடலாம்."

போனோம். சரளை. மூன்று மைல் சரளை. அவள் வளையத்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவாள். அது விழுந்த இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வளையத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு செடியையும் எழுதுவாள். சரளையில் விழுந்தால் எழுத ஒன்றும் இருக்காது, ஆனாலும் ஒன்றுமில்லை என்பதை அரைப் பக்கம் எழுதுவாள். நான் சும்மா இருப்பேனா? அவள் திரும்புவதற்குள் வளையத்தைக் காலால் தள்ளிப் பக்கத்தில் இருக்கிற பசும்புல் மேல் சேர்த்துவிடுவேன். மூன்று தடவை அப்படிச் செய்தேன். நாலாவது தடவை அவள் வீசுவது போல் கையை ஓங்கிவிட்டு வீசாமலே திரும்பினாள். என் கால் காற்றில் நின்றது. கால் மரத்துப் போச்சு, உதறுகிறேன் என்றேன். அதையும் அவள் குறித்துக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தது.

மூன்று வாரம் அவளோடு சுற்றினேன். எனக்கு மேட்டுநிலம் மூன்று வகை. ஆடு கொழுக்கிற இடம், ஆடு திரும்பிப் பார்க்காத இடம், குதிரை புதைகிற இடம். அவளுக்கு நாற்பத்திரண்டு வகை. கம்பளிப் பாசி மட்டும் உள்ளது ஒன்று, பாசியோடு கோரை சேர்ந்தால் வேறொன்று, கோரையோடு வில்லோ சேர்ந்தால் மற்றொன்று. பனி கடைசியாக உருகுகிற பள்ளத்தில் விரல் உயரம்கூட இல்லாத வில்லோ இருக்கும், அது ஒரு வகை. சதுப்பில் உள்ளே பனிக்கட்டி வைத்துக்கொண்டு உப்பியிருக்கும் மேடுகள், மேட்டின் உச்சியில் ஒரு வகை, இறக்கத்தில் ஒரு வகை, கீழே தண்ணீரில் பஞ்சுப்புல் ஒரு வகை. ஒரே மேட்டில் மூன்று வகையா என்று கேட்டேன். உங்கள் வீட்டில் அடுப்படிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் ஒரே ஆட்களா போகிறார்கள் என்று திருப்பிக் கேட்டாள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஹல்பேராதான் போகிறாள்.

உள்ளதைச் சொன்னால் அவளை எனக்குப் பிடித்துப் போயிற்று. கொட்டுகிற மழையில் பாசி மேல் படுத்துக்கொண்டு, இந்தச் செடிக்கு என் வயதைவிட அதிக வயது என்று அவள் சொன்னபோது அந்த இடத்தில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

வேலியைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். மேட்டில் ஏறி நின்று பார்த்தேன், எனக்கே மலைப்பாக இருந்தது. வேலிக்கு உள்ளே பழைய வில்லோ தன் பாட்டுக்கு இருக்கிறது. வெளியே பச்சையென்றால் பச்சை, கண்ணைக் குத்துகிற பச்சை. என் நாற்பது சாக்கு இவ்வளவு வேலை செய்யுமா? புல் இடுப்பளவு. மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக. என் எருவில் இல்லாத ஏதேதோ இலைகள்கூட நடுவே எட்டிப் பார்த்தன. ஒரு இலை முறம் அளவு இருந்தது. மண்ணில் என்னென்னவோ ஒளிந்து கிடக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். சுன்னேவா குதிரையிலிருந்து இறங்கினாள், மூச்சை இழுத்தாள், அன்று முழுக்க அங்கேயே படுத்து எழுதினாள். நான் வளையத்தைத் தொடவே இல்லை. தேவையே இல்லையே.

ஆகஸ்ட் கடைசியில் கூடத்தில் முடிவு சொல்ல வந்தாள். சுவரில் வரைபடத்தை மாட்டினாள். எங்கள் மேட்டுநிலம் இத்தனை நிறமா என்று எல்லாரும் வாயைப் பிளந்தோம். ஹல்பேரா காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள், கூடவே கிளைனூர் என்று நாங்கள் முறுக்கிப் பொரிக்கிற இனிப்புப் பண்டம் ஒரு தட்டு.

ஏரி ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. சுன்னேவா அதன் மேல் குச்சியை வைத்து, நாற்பத்து மூன்றாவது வகை ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். உலகத்தில் எந்த மேட்டுநிலத்திலும் யாரும் கண்டிராத செடிக்கூட்டமாம். ஆடு மேய்ந்த பக்கம் வீட்டுத் தோட்டத்துப் புல், கூடவே முறம் அளவு இலை விடுகிற தோட்டத்து ருபார்ப், சீமைச்சீரகம். அதைவிட ஆச்சரியம், கடலுக்கு மேலே அறுநூறு மீட்டர் உயரத்தில், மனிதன் கை படாத மண்ணில், உருளைக்கிழங்கு தானாக முளைத்திருக்கிறது.

"இப்பேர்ப்பட்ட அபூர்வத்த ஆட்டுக்குப் போட முடியாது. மேட்டுநிலம் மொத்தத்தையும் இருபது வருஷம் மூடணும்னு எழுதப் போறேன். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

பதினோரு பேரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தோம். வாயை மூடிக்கொண்டால் மேட்டுநிலம் போச்சு, ராஜா பதவி போச்சு. வாயைத் திறந்தால் மானம் போச்சு, அதோடு பதவியும் போகும், அது வேறு. ஆனால் ஒன்று. வாயைத் திறந்தால் மேட்டுநிலமாவது மிஞ்சும்.

எழுந்து நின்றேன்.

"அது என் எரு," என்றேன். "நாப்பது சாக்கு. நான்தான் கொட்டுனேன்."

சுன்னேவா பேனாவை எடுத்து, நாற்பது என்று எழுதினாள். அப்போதுதான் கிஸ்ஸுர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"இவன் நாப்பது சாக்குல என்ன முளைக்கும்? முடிகூட முளைக்காது. அந்த ருபார்ப் என்னோடது. எங்க வீட்டுக் கிழங்கு. நீங்க வேணும்னா அந்த இலையக் கொண்டாந்து எங்க வீட்டு இலையோட வச்சுப் பாருங்க."

பெருமைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு கூடமே அவிழ்ந்துவிட்டது. ஒருவன் முப்பது சாக்கு என்றான், அதற்கு அடுத்தவன் முப்பத்திரண்டு. ஆமுண்டி பாதிரியார் கர்த்தரை ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, சீமைச்சீரகமும் உருளைக்கிழங்கும் தன் தோட்டத்துக் குப்பையோடு போனவை, பாவம் என்று தெரிந்தேதான் செய்தேன் என்றார். பதினோரு பண்ணையிலும் மிச்சம் ஒருத்தர் இல்லை. ஒரு சின்ன வேலியைச் சுற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு சாக்கு எரு. இத்தனை மாதம் நாங்கள் யாரும் ஒரு மீனைக்கூடப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

சுன்னேவாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குதிரையில் வரும்போதே வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். அதை நாங்களே எங்கள் வாயால் சொன்னால்தான் வேலிக் கணக்கை அறிக்கையிலிருந்து அடிக்க முடியும் என்பதால் இந்த நாடகமாம். மூன்று வாரம் மேட்டுநிலம் முழுக்க அளந்தவள் ஒரு வேலியை மட்டும் நம்பியா முடிவு சொல்வேன் என்று கேட்டாள். உண்மையான முடிவு இது: கிழக்கே சரளைப் பக்கம் ஆடு போகக் கூடாது, மண் பறக்கிறது, புல் பிடிக்க விட வேண்டும். மற்ற இடம் திறந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு பண்ணையும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டைக் குறைக்க வேண்டும். வலித்தது. ஆனால் மேட்டுநிலம் இருக்கிறது, செப்டம்பர் இருக்கிறது.

சந்தோஷம் காப்பி ஆறும் வரைகூட நிற்கவில்லை. பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது என்றார். மலையில் ராஜா சொல்வதை நம்பித்தான் முப்பது பேர் மூடுபனிக்குள் நடக்கிறோம், அவர் ஒரு பள்ளத்தில் ஆடில்லை என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் எரு சுமந்த கையால் இனிமேல் ராஜா கோலைப் பிடிக்க முடியாது. தன்னையும் சேர்த்துத்தான் சொல்வதாகச் சொன்னார். சொல்லி வாயை மூடுவதற்குள் கிஸ்ஸுர், அப்படியானால் நான் என்று ஆரம்பித்தான். ருபார்ப், என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டான்.

எரு சுமக்காத ஆள் கூடத்தில் யார்? சுன்னேவா வெளியூர்க்காரி. கிஸ்ஸுர் சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு விஷமச் சிரிப்பு பரவியது.

"ஹல்பேரா," என்றான். "டோர்ஃபியோட ஹல்பேரா."

டோர்ஃபி நான்தான். என்னைக் குத்துவதற்காகத்தான் சொன்னான், சந்தேகமே இல்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் கூடம் இரண்டாகப் பிளந்தது. பெண் ராஜாவா, வழக்கமில்லையே என்று ஒரு பக்கம். இருபது வருடமாக ஆடு திரட்டப் போகிறவள், குதிரை ஏறத் தெரியும், மலை தெரியும், வேறென்ன வேண்டும் என்று மறுபக்கம். பண்ணைக்கு ஒரு கை. ஐந்து கை உயர்ந்தது, ஐந்து கை இறங்கியே இருந்தது. எங்கள் பண்ணையின் கை மட்டும் பாக்கி. அது என் தோளில்தான் ஒட்டியிருந்தது.

ஹல்பேரா என்னைப் பார்க்கவில்லை. காப்பிப் பாத்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்தேன். கையைத் தூக்கினால் அந்த ஆறு நாளும் போயிற்று. வருடம் முழுக்க, குதிரை மேல்கூட, அவள் சொல்கிறபடிதான். தூக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவளைவிட நல்ல ஆள் இந்த ஊரில் உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டால் இல்லை என்பதுதான் உண்மை. எரு வாடையோடு மாதக்கணக்கில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒருத்தரிடமும் வாய் திறக்காதவள். அன்றைக்கென்று பார்த்து உண்மை பேசுகிற நோய் வேறு என்னைப் பிடித்திருந்தது.

கையைத் தூக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஹல்பேரா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சரி, செய்யறேன்," என்றாள். "டோர்ஃபி, உனக்கு மேற்கு ஓரம்."

மேற்கு ஓரம் என்றால் தெரியுமா? பள்ளம் பள்ளமாகப் போகும். ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்து ஏற வேண்டும். பதினோரு வருடமும் நான் அதைக் கிஸ்ஸுருக்குத்தான் கொடுத்து வந்தேன்.

செப்டம்பரில் ஊரே மேற்கு ஓரம் வழியாக மேலே ஏறியது. முதல் நாள் மத்தியானம் நான் முதல் பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். ஹல்பேரா குதிரை மேல் காத்திருந்தாள். ஆடு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் குதிரையிலிருந்து இறங்கினாள், கடிவாளத்தை என் கையில் கொடுத்தாள், அத்தனை பேரும் பார்க்கத் தானே பள்ளத்துக்குள் போனாள். பின்னால் கிஸ்ஸுர் இருமுவது போலச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் ஏறி வந்து, ஆமாம், இல்லை என்றாள். நான் சொன்னது நிஜம். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இரண்டாவது பள்ளத்திலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே, அதுவும் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது. மறுபேச்சு கிடையாது என்ற சட்டம் என் ஆட்சியில் போட்டு உறுதியாக்கியதுதான்.

நாலாவது பள்ளம் எல்லாவற்றையும்விட ஆழம். அடியில் பஞ்சுப்புல் சதுப்பு, இடுப்பளவு சேறு. நான் ஏறி வந்தபோது மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஹல்பேரா கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குதிரையைவிட்டு இறங்கவில்லை.

"இங்க இல்லையாம், நடங்க," என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினாள்.

முப்பது பேரும் அவள் பின்னால் போனார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் என்னவோ உறுத்தியது. நன்றாகத்தான் பார்த்தேனா? அந்தப் பாறைக்குப் பின்னால் பார்த்தேனா? குதிரையைக் கல்லில் கட்டிவிட்டு, இடுப்பளவு சேற்றில் இறங்கி, இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.